நடுவில் இருந்த இறைச்சி

கொட்டாஞ்சேனையில் நான் கணக்கெழுதிய இரும்புக்கடையின் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். கிழிந்த பெனியன், சாயம்போன சாரம். கதிரையில் உட்காரமாட்டார். அது நடிப்பில்லை, வீட்டிலும் அவருக்குப் பாய்தான்.

பகல் சாப்பாட்டை எங்களோடு தரையில் இருந்து, ஆறு பேர் கைவைக்கும் ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவார். நடுவில் இருக்கும் ஆட்டிறைச்சியைத் தொடமாட்டார். முதலாளி தொடாததை நாங்கள் எப்படித் தொடுவது? வெறும் சோற்றைப் பிசைவோம். மீந்த இறைச்சியை அவரே வாசலில் பூனைகளுக்குப் போடுவார். பார்க்கிறவர்கள் அவருடைய இரக்கத்தை மெச்சுவார்கள்.

மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் புதிதாக வந்தவன் ஒருநாள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தான். எங்கள் கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஹாஜியார் சிரித்தபடி மற்றத் துண்டுகளையும் அவன் பக்கம் தள்ளினார்.

"வெக்கப்படாம நல்லா தின்னுங்க, மகன்."

கை கழுவியதும் என்னிடம் வந்தார். "தம்பி, நாளைக்கி அவர வரவேணாமெண்டு சொல்லுங்க. நபியவங்கட வூட்டுல மாசக்கணக்கா அடுப்பெரியல்ல. ஆசைய அடக்கத் தெரியாத ஆள் நமக்குச் சரிவராது."

"பாவம், ஹாஜியார். அவன் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் அவருக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேக்கிறன்."

மறுநாள் சஹனைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். இறைச்சி நடுவில் அப்படியே கிடந்தது. சாப்பிட்டெழுந்த ஹாஜியார் அதை அள்ளிக்கொண்டுபோய் வாசலில் குந்தி, பூனைகளைக் கூப்பிட்டார்.

"வெக்கப்படாம நல்லா தின்னுங்க, மகன்."