சந்தனம் மகளுக்குக் கிடைத்த ஏ.ஐ.

திருவரங்குளத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊரில், ப்ளஸ் டூ கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய ஹரிணி, பேசுவது குறைவு. பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை எதிராளி புரிந்துகொண்டிருப்பார் என்று நம்பிவிடுவாள். அந்த நம்பிக்கைதான் அவளை மாட்டிவிட்டது.

கவுன்சிலிங் முடிவு ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில், திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரி. செயற்கை நுண்ணறிவுப் படிப்பு. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். உறுதி செய்வதற்கான ஓடிபி அப்பா சந்தனத்தின் செல்லுக்குத்தான் வரும்.

“அம்மா, ஏழரைல சீட்டு கெடச்சிருக்கு.”

“இன்னுமா அது ஒன்னைய விடல?” என்று பதறினாள் செல்வராணி. “போன வருசமே முடிஞ்சிருச்சுன்னு ஜோசியர் சொன்னாரே!”

சந்தனம் தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். பெண்ணை விடுதியில் விடுவது அவருக்குப் பிடிக்காது. புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.காம். படித்தால் போதும் என்று மே மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஹரிணி வாசலில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்.

“அப்பா, ஏ.ஐ. கெடச்சிருக்கு.”

வைக்கோல் அந்தரத்தில் நின்றது. “ஏ.ஐ.யா?”

“ம். திருச்சில. நாலு வருசம்.”

“அதுக்கு நாலு வருசமா படிக்கணும்?”

“ஆமாப்பா. இனிமே எல்லாமே ஏ.ஐ.தான். ஒலகமே அங்கிட்டுத்தான் போகுது.”

“வாஸ்தவந்தான். இப்ப எவன் காளை வச்சிருக்கான்?”

காளை எங்கிருந்து வந்தது என்று ஹரிணிக்குப் புரியவில்லை. ஆனால் அப்பா முகத்தில், மாடு கன்று போடும் நாளில் மட்டும் வரும் சிரிப்பு. வழக்கம்போல மீதியைச் சொல்லாமல் விட்டாள்.

“போயிட்டு வாத்தா. ஆம்பள பாக்குற வேலையின்னு கூச்சப்படாத” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஜெர்சி மாடு நின்று கத்தியது. கயிற்றின் மறுமுனையில் பக்கத்துத் தெரு ஆத்மநாதன்.

“ஏத்தா ஹரிணி, விடிஞ்சதுலேருந்து கத்துது. மாட்டாஸ்பத்திரில ரெண்டு தடவ ஏ.ஐ. பண்ணியும் சினை நிக்கல. நீ அதுலதான் பெரிய படிப்பு படிக்கப் போறியாமே, ஒங்கப்பா சொன்னாரு. சும்மா ஒரு பார்வை பாரு.”

ஹரிணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் மாடு வைத்திருக்கும் எவருக்கும் ஏ.ஐ. என்றால் காளை இல்லாமல் பசுவுக்குச் செயற்கையாகப் போடும் சினை ஊசிதான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் ஐந்து மணிக்குள் இடம் அவளுடையது. வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு மிக நன்றாக வருகிற வேலையும்கூட. ஆனால் பின்னாலேயே அப்பா தேய்த்த சட்டையோடு வந்து, மாட்டையும் மகளையும் மாறி மாறிப் பெருமையாகப் பார்த்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“அப்பா, இது அந்த ஏ.ஐ. இல்ல. ஊசி இல்ல. கம்ப்யூட்டரு. மனுசன் மாதிரி யோசிக்க அதுக்குக் கத்துக்குடுக்குற படிப்பு.”

பிறந்ததிலிருந்து அவள் முழுசாகச் சொல்லி முடித்த முதல் விஷயம் அதுவாக இருக்கலாம்.

ஆத்மநாதன் சிரித்த சிரிப்பில் மாடு கத்துவதை நிறுத்தியது. “மச்சான், நேத்து டீக்கடைல என்னா பேச்சு! எம்மக வந்துட்டா, இனி சுத்துப்பட்டுல காளையே வேணாம்னு!”

சந்தனத்தின் காது சிவந்தது. “அதுல மாட்டுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று மகளிடம் மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“தெரியலப்பா. இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

பி.காம். பஸ் கண்ணெதிரே வந்து நின்றது ஹரிணிக்கு.

“ஏன்டா ஆத்மநாதா” என்று அப்பா திரும்பினார். “எம்மக ஏ.ஐ. படிக்கப் போறான்னு சொன்னேன். அதுல என்னடா பொய்யி? நாலு கடைல சொல்லியாச்சு. இப்பப் போயி, இல்ல பி.காம்.னு சொன்னா நீ இன்னுமில்ல சிரிப்ப! மாட்ட ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ.”

அவன் போனதும் செல்லைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் ஓடிபி வாசித்து முடிப்பதற்குள் காலாவதியானது. இரண்டாவதில் ஆறை எட்டு என்றார். மூன்றாவதில் ஹரிணியின் செல் திரையில் பச்சை டிக் விழுந்தது.

“முடிஞ்சிருச்சுப்பா.”

“அவ்வளவுதானா?” சந்தனம் சட்டைப்பையில் செருகி வந்திருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். “அப்பன் கையெழுத்து எங்கயும் வேணாமா?”