வாசலில் கிடந்த சப்பாத்து

என் வீட்டு முன்னறையில், கதவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து இருக்கிறது. வீட்டில் யாருடைய காலுக்கும் அது பொருந்தாது. என் கணவர் ஒருமுறை விளையாட்டாகப் போட்டுப் பார்த்துவிட்டு, சம்பான் படகுக்குள் கால் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். இதை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று மகள் கேட்காத வருடமில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் அதை வெளியே எடுத்துத் தூசி தட்டி, பாலிஷ் போட்டு, வார்களை உள்ளே செருகி மறுபடி அதே தட்டில் வைப்பேன். அதைப் போட்டிருந்தவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்த நாட்டிலிருந்தோ வந்த போர்க்கப்பலில் இருந்து இறங்கி, பினாங்கில் குடித்துக் கூத்தடித்த கடற்படைப் பையன். ஆனால் என் கண்ணுக்கு அது அவனுடையதாகத் தெரிவதே இல்லை. அது என் அத்தையின் சப்பாத்து.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஜெலுத்தோங்கில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் வீடு கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில். ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, தினமும் பெர்ரி ஏறி இறங்க வேண்டாம், தங்கச்சி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். கல்யாணம் ஆகும்வரை அத்தையோடுதான் இருந்தேன். நாங்கள் இருவரும் அந்த இரண்டறை வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இடது கை மோதிர விரலின் நுனி அவருக்குக் கிடையாது. கப்பல் கயிற்றில் சிக்கிப் போனது. நான் அங்கே போவதற்குச் சில வருடங்கள் முன்பே அவரிடமிருந்து தகவல் நின்றுபோயிருந்தது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கரையிறங்கினார், குடித்தார், யாரோடோ அடிதடி, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது என்று கூட வேலை செய்த ஒருவர் வந்து சொன்னாராம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை அதை மறுத்துப் பேசியதும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. வேறு நல்ல வீடாகப் பார்த்து மாறிக்கொள் என்று அப்பா சொன்னபோது மட்டும், வந்தால் எங்கே தேடுவார் என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்.

அத்தைக்கு டவுனில் ஒரு டோபிக் கடையில் துணி தேய்க்கும் வேலை. துறைமுகத்துக்குப் போர்க்கப்பல் வந்துவிட்டால் அங்கே வெள்ளைச் சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். அந்த நாட்களில் அம்மா தவறாமல் போன் செய்து, வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போ, கடைத்தெருவில் நிற்காதே என்பார். அத்தைக்கோ அது கொண்டாட்டமான காலம். சாயந்திரம் வந்ததும் அன்றைய கறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். ஒருத்தன் சட்டை முழுக்கச் சம்பல், ஒருத்தன் காலரில் உதட்டுச்சாயம், ஒருத்தன் முதுகில் ரிக்‌ஷாச் சக்கரத்தின் எண்ணெய்க் கறை. வண்டிக்காரக் கிழவரைப் பயணி இருக்கையில் உட்காரவைத்துவிட்டு அவர்களே ரிக்‌ஷா ஓட்டிப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். "இவன் லொங்காங்ல விழுந்து எழும்பியிருக்கான்டி, பாவம், அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னா ஆகும்" என்று ஒரு கால்சட்டையைப் பற்றி அவர் சொன்னது நினைவிருக்கிறது. சாக்கடைச் சேற்றைத் துவைத்தவர்களுக்குக்கூட அந்தப் பாவம் தோன்றியிருக்காது.

எனக்குத் தோன்றவில்லை. அவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒருநாள் பட்டப்பகலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒருத்தன் என் மணிக்கட்டைப் பிடித்து, என்னமோ சொல்லிச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கையை உதறிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினேன். தன் ஊரில் நல்ல பிள்ளையாக இருப்பவன், யாருக்கும் தன்னைத் தெரியாத ஊரில் இறங்கியதும் ஏன் இப்படி அவிழ்த்துவிட்ட மாடாகிறான் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தையின் முகம் சிறுத்துப்போனது. என் மணிக்கட்டை வெந்நீர் விட்டுக் கழுவிவிட்டார், ஏதோ அழுக்குப் பட்டதைப் போல. மாமாவும் போன ஊரில் இப்படித்தான் செய்திருப்பாரோ என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு அத்தை தேங்காய் நேர்ந்துகொண்டார். எங்கள் ஊரில் தேர் வரும் வழியெல்லாம் சாலையில் தேங்காயைக் குவித்து வைத்து, தேர் நெருங்கும்போது உடைப்பார்கள். மலை மலையாகக் குவிக்கிற பெரிய ஆட்கள் உண்டு. அத்தையின் குவியல் இடுப்பளவுகூட வராது. மாமா வீடு திரும்ப வேண்டும், அது ஒன்றுதான் வேண்டுதல். ஒவ்வொரு காயையும் கழுவி மஞ்சள் பொட்டு வைத்து, டத்தோ கெராமாட் சாலையோரம் சாக்கு விரித்து அடுக்கினோம். காலையிலிருந்து அவர் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. தேர் வர நேரமிருந்தது. பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் மோர் அண்டாவை இறக்க ஆள் தேவைப்பட்டது; இருவரும் போனோம். பக்கத்துக் குவியலுக்குக் காவல் இருந்த பூக்கார அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போதே உடைபடும் சத்தம் கேட்டது. தேர் வந்துவிட்டதோ என்று அத்தை பதறி ஓடினார். தேர் வரவில்லை. பொத்தான்கள் அவிழ்ந்த வெள்ளைச் சட்டையோடு மூன்று கடற்படைக்காரர்கள். இரண்டு பேர் கைதட்டிக் கூச்சல் போட, நெட்டையான ஒரு செம்பட்டைத் தலையன் அத்தையின் காய்களைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிச் சாலையில் அறைந்துகொண்டிருந்தான். முந்தின இரவு குடித்தது இன்னும் இறங்கவில்லை. பூக்கார அக்கா அவன் கையைப் பிடித்து இழுக்க, அவருக்கும் ஒரு காயை எடுத்து நீட்டினான். ஊரே சேர்ந்து ஆடும் விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். சாக்கின் மேல் மிச்சம் நாலைந்து காய்கள் கிடந்தன. அதற்குள் பக்கத்துக் குவியல்களிலிருந்து பையன்கள் ஓடிவந்துவிட்டார்கள். மற்ற இருவரும் சந்துக்குள் ஓடிப்போனார்கள். இவன் மாட்டிக்கொண்டான். கன்னத்தில் ஓர் அறை விழுந்தபிறகுதான் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்று, உதடு கோணியது. அவன் கால் ஓட்டில் கிழிந்து, தேங்காய்த் தண்ணீரோடு ரத்தம் ஓடியது. போலீஸைக் கூப்பிடு என்று முதலில் கத்தியது நான்தான்.

அத்தை அவனைப் பார்க்கவில்லை. நடைபாதை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவனுடைய கறுப்புச் சப்பாத்து, காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்து, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. எல்லாரும் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை வெறியிலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் காயைத் தொட்டிருக்கிறான்.

"விட்டுருங்க தம்பி," என்றார் அத்தை. "சப்பாத்த கழட்டிட்டுத்தான உடைச்சிருக்கான்."

பையன்கள் விடவில்லை. உங்கள் வேண்டுதலையே நாசம் பண்ணியிருக்கிறான், நீங்கள் வேறு, என்று ஒருவன் சத்தம் போட்டான். அப்போது அத்தை சொன்னதை நான் அதற்குப் பிறகு மறந்ததே இல்லை. "எங்க வீட்டுக்காரரும் ஏதோ ஒரு ஊர்ல இப்படித்தான் நடுரோட்டுல மாட்டிக்கிட்டு நின்னாரு. விடுங்கன்னு சொல்ல அங்க ஒருத்தி இல்லாம போயிட்டா. நான் சொல்றேன், விடுங்க."

தோளில் கிடந்த துண்டைக் கிழித்து அவன் காலில் அவரே கட்டினார். அவன் குழந்தை மாதிரி அழுதான். கொஞ்ச நேரத்தில், கையில் பட்டை அணிந்த கப்பல் காவல்காரர்கள் வேனில் வந்து, பிடரியில் கைவைத்து அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். சப்பாத்தை யாரும் நினைக்கவில்லை. எனக்கு அத்தை மேல் அப்படி ஒரு கோபம். என் மணிக்கட்டைக் கழுவிவிட்ட அதே கைதானே இது என்று மனசு கொதித்தது. தேர் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் காய்களை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மிச்சமிருந்த காய்களை மட்டும் உடைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். முன்னாலேயே உடைந்தது கணக்கில் சேருமா, சேராதா என்று இரண்டு அண்ணன்மார் அங்கேயே விவாதம் நடத்தினார்கள். அத்தை காதில் வாங்காதது போல் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாளே கப்பல் போய்விட்டது. அது எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை வாசலே சொல்லிவிடும்; செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை. மாமாவின் பழைய செருப்பை அத்தை வெகுகாலம் அங்கே வைத்திருந்தார், ரப்பர் பொடிந்து உதிரும்வரை. அந்த இடம் காலியாகக் கிடந்தது. பளபளவென்று ஆம்பளைச் சப்பாத்து வந்து உட்கார்ந்ததும், மாடிப்படியில் பேச்சு கிளம்பியது. வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று எதிர்வீட்டு அக்கா பலகாரத்தோடு வந்துவிட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆனால் குடித்துவிட்டு வந்து வீடு தெரியாத மாதிரி எங்கள் கதவைத் தட்டுகிற மேல்மாடி ஆள், அன்றோடு தட்டுவதை நிறுத்தினான். இந்த வசதி அத்தைக்குப் பிடித்துப்போனது. வாரம் தவறாமல் பாலிஷ் போட்டார். அவர் அதைத் துடைக்கும்போது பார்த்திருக்கிறேன். நாளைக் காலை அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்ப ஓர் ஆள் உள்ளே தூங்குவது போலத்தான் துடைப்பார்.

எனக்குக் கல்யாணமாகி செபராங் ஜெயாவுக்கு வந்து, மகளும் பிறந்த பிறகு, ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். உடனே வா என்றார். போனபோது அத்தை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கீழே டீக்கடை பாய்தான் சொன்னார். தோள்பையோடு ஒரு வயசானவர் வந்தாராம். படியேறி மேலே போனவர் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டார். ஒரு டீ சொல்லி, பாதிகூடக் குடிக்கவில்லை. அந்த வீட்டில் ஆம்பளை யார் இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். ஆளைப் பார்த்ததில்லை, ஆனால் சப்பாத்து எப்போதும் வாசலில் கிடக்கும் என்று பாய் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். வந்தவர் தலையாட்டிவிட்டு, கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கையில் மோதிர விரலின் நுனி இல்லாததைப் பாய் பிறகு பேச்சுவாக்கில் அத்தையிடம் சொன்னபோதுதான் இன்னார் என்று தெரிந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. வாசலுக்குப் போய் அந்தச் சப்பாத்தைத் தூக்கினேன், மாடியிலிருந்து வீசிவிடலாம் என்று. அத்தை ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"அது என்னா செய்யும்?" என்றார். "வந்தாருல்ல. முருகன் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாரு, அதுக்கு மேல அவரு என்னா செய்வாரு. கதவத் தட்டுறதுக்கு இவருக்குக் கை இல்லையா?"

சொல்லிவிட்டு அங்கேயே, செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே அதை வைத்தார். அன்றிலிருந்து ஒன்றை மட்டும் மாற்றினார். விடிந்ததும் மரக்கதவை அகலத் திறந்துவிடுவார்; இரும்புக் கதவு மட்டும்தான் பூட்டியிருக்கும். மழை அடித்தாலும் சாத்தமாட்டார். படியேறி வருகிறவர் யாராக இருந்தாலும், வீட்டுக்குள் ஒரு பொம்பளை ஒண்டியாக உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும் என்றார். மாமாவைத் தேடி எங்கெங்கோ விசாரித்தோம். அவர் திரும்ப வரவே இல்லை. திறந்த கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தபடியே ஒருநாள் அத்தையும் போய்விட்டார்.

இந்த வருடத் தைப்பூசத்தின்போதும் துறைமுகத்தில் ஒரு போர்க்கப்பல் நின்றது. தேங்காய்க் குவியல்களைச் சுற்றி நாலைந்து வெள்ளைச் சீருடைகள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒருவன் என் குவியலிலிருந்து ஒரு காயை எடுக்கக் குனிந்தான். எனக்கு அந்தப் பழைய ஆத்திரம் சுருக்கென்று வந்தது. ஆனால் வாய் திறப்பதற்குள் என் கண் அவன் காலுக்குப் போய்விட்டது. தேர் வரட்டும் என்று கையைக் காட்டி நிறுத்தினேன். சப்பாத்தையும் காட்டினேன். அவன் கூச்சத்தோடு சிரித்துவிட்டுக் கழற்றினான். தேர் வந்தபோது ஒரு காயை அவன் கையில் கொடுத்தேன். அத்தை பக்கத்தில் இருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்ததும், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கறுப்புச் சப்பாத்தை அதன் தட்டில் சரிசெய்து வைத்தேன். அதை ஒருநாளும் நான் வாசலில் வைத்ததில்லை. கள்ளன் வந்தால் என்ன செய்வாய் என்று என் கணவர் பகலெல்லாம் திறந்து கிடக்கும் கதவைப் பார்த்துத் திட்டுவார். அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்கு யாரும் வரவேண்டியதில்லை, அத்தை இனி வரப்போவதும் இல்லை. இருந்தாலும் யாரோ படியேறி வந்து, தட்டாமலே திரும்பிப் போகிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், அந்தக் கதவைச் சாத்த எனக்குக் கை வருவதில்லை.