அலம்பி எடுத்த டூயட்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் பாட்டை அலம்பிவிட்டார்கள்!

ஆமாம், பாட்டைத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு டச் ஸ்க்ரீன் ப்ளேயர்... இந்தப் பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பத்தி எழுதிச் சேர்ந்த பணத்தில் எனக்கென்று நானே வாங்கியது. விரலால் தள்ளினால் பாட்டு நகரும். இரண்டு விரலால் விரித்தால் போட்டோவில் மகளின் மூக்குத்திகூடப் பளிச்சென்று தெரியும். சினிமாவும் பார்க்கலாம்.

"இந்த வயசில் எதுக்கு?" என்று கேட்காத ஆள் திருத்தணியில் இல்லை. பாட்டுக்கு வயசு வரம்பு வைத்தது யாராம்?

எங்களுடையது மலைக்கோவில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். வீட்டிலும் அதே சட்டம். காலையில் குளித்து மடியாகச் சமையல்கட்டுக்குள் போனால், வேலை முடிகிறவரை வெளியே வர முடியாது. அந்த நேரத்துக்குத்தான் எனக்குப் பாட்டு வேண்டும். காதில் இயர்போன், அலமாரியில் ப்ளேயர். ஒரே சிக்கல் — புளி கரைத்த ஈர விரலை அது மதிக்காது. குனிந்து மூக்கு நுனியால் தொட்டேன். பாட்டு மாறியது! மூக்கால் தொட்டால் மடி போகும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

அப்போது பார்த்து உள்ளே வந்தார் என் கணவரின் அண்ணா. மாடியில் குடியிருக்கிறார், சாப்பாடு எங்களோடு. நானும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னம்மா அது, மோந்து பாக்கறே?"

"பாட்டு மாத்தறேன் அண்ணா."

"ஸ்லோகமா?"

"இல்லே, சினிமா டூயட்."

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எவனெவன் தொட்டு வித்ததோ... அலம்பாத சாமான் உள்ள வரப்படாது, தெரியுமோன்னோ?"

பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட் எல்லாமே எங்கள் வீட்டில் அலம்பித்தான் உள்ளே வரும். சமையல் முடிந்ததும் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கொல்லையில் வாழை இலை நறுக்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் ப்ளேயரைத் தண்ணீரில் முக்கி எடுத்து, துண்டால் துடைத்து, அலமாரியிலேயே வைத்திருந்தார்.

"இப்போ வெச்சுக்கோ. நன்னா அலம்பிட்டேன்."

திரை கறுப்பு. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடைக்காரர் ஆட்டிப் பார்த்தார். "உள்ள தண்ணி நின்னுக்கினு கீதுக்கா. அவ்ளோதான். வேற வாங்கிக்கோங்க."

"விட்டுத் தொலையேன்" என்றார் கணவர்.

விடுவேனா? உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டால் ஈரத்தை இழுக்கிறதே... மடி அரிசி டின்னைத் திறந்தேன். நட்டநடுவில் புதைத்தேன். தீட்டா? அண்ணாவே தன் கையால் அலம்பிய சாமான். அதைவிட மடியான பொருள் இந்த வீட்டில் ஏது? தினமும் அந்த டின்னிலிருந்துதான் அரிசி எடுத்து உலையில் போட்டேன்.

சனிக்கிழமை தோண்டி எடுத்து பட்டனை அழுத்தினேன். திரை விழித்தது. அதே டூயட்!

அதில் ஒரு குட்டி ஸ்பீக்கரும் உண்டு என்று சொல்ல மறந்துவிட்டேன். இனிமேல் இயர்போன் கிடையாது. மாடிவரை கேட்கட்டும்.

அண்ணா இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். அண்ணா, வியாழக்கிழமை "சாதம் மல்லிப்பூவாட்டம் இருக்கு" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டீர்களே...

அது எந்த டின் அரிசி என்று நினைத்தீர்கள்?