ஆட்டைத் தொலைத்தவன் சொன்ன உதாரணம்

இன்று காரியாபட்டி பஸ்ஸில் ஒரு மாணவி, ‘ஈரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போனில் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எழுபதுகளின் திருச்சுழிப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.

“பேய் வந்தா அது பயம். ஒண்ணுமே நடக்காம முதுகு சில்லுங்குதுல்ல, அதுதான் ஈரி. உதாரணம் சொல்லுங்கடா” என்றார் இங்கிலீஷ் வாத்தியார்.

எல்லோரும் சுடுகாடு என்றோம். கருப்பையா மட்டும் வேறு சொன்னான்.

“நேத்து ஆட்டைத் தொலைச்சுட்டு வீட்டுக்குப் போனேன் சார். எங்கம்மா வையவே இல்ல. இன்னுங் கொஞ்சம் சோறு வச்சுக்கய்யான்னுச்சு.”

வாத்தியார் சற்று யோசித்தார். “அதேதான்டா. உக்காரு.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஏன் லேட்டு என்று மனைவி கேட்கவில்லை. “இன்னும் ரெண்டு பணியாரம் வச்சுக்கங்க” என்றாள்.

இன்று நான் எதை மறந்தேன்? தெரிந்தவர்கள், அடுத்த பணியாரம் வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.