வில்லின் கழுத்தை நெரிப்பவர்கள்

வில் பராமரிப்பவன் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: அம்பு நடுவில் பட்டால் அது எய்தவரின் திறமை, விலகிப் போனால் அது என் ஸ்க்ரூடிரைவரின் சதி. அடுத்தவன் பொருளைத் துடைத்துக் கொடுத்துப் பிழைக்கும் தோழர்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். துண்டறிக்கை படித்தே எழுத்துப் பழகியவன் நான். வரிசை பிசகினால் தூக்கம் வராது. முதல் அநீதி: பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக்காக இருந்தபோது, கழிப்பறைக்குப் போகும் பெண்களின் பின்னால் சூப்பர்வைசர் போய் நிற்பதைத் தட்டிக் கேட்டேன், என்னை வெளியே அனுப்பினார்கள். இரண்டாவது: யாருக்காகக் கேட்டேனோ அவர்கள் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள், போகிற போக்கில் எனக்கு வணக்கமும் வைத்தார்கள். மூன்றாவது: அதன் பிறகு எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் என் பெயர் எனக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. நான்காவது: நான் கொடி கட்டி வளர்த்த சங்கமே, வயதாகிவிட்டது என்று பொன்னாடை போர்த்தி என்னை மூலையில் உட்கார வைத்தது. ஐந்தாவதுதான் பெரியது: முதலில் என்னை வெளியே அனுப்பிய அதே முதலாளி, அவிநாசி ரோட்டுப் பக்கம் தான் செயலாளராக இருக்கும் வில்வித்தைக் கிளப்பில் வில்களைப் பார்த்துக்கொள்ள என்னையே கூப்பிட்டார். நானும் போனேன்.

போன வருடம் மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று வந்தது. அந்த இடம் செயலாளரின் மருமகள் சுகன்யாவுக்கு என்று காவல்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். அதே செயலாளரின் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணியின் ஓரம் தைக்கும் ஜெசிந்தா, அந்த இடம் தனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டாள். இனி நான் சொல்பவை அந்தச் சில மாதங்களில் நடந்தவை.

ஆடாத வில்

சாயப்பட்டறை முதலாளி ஒருவர் வெளிநாட்டு வில் வாங்கி வந்தார். நாணை விட்டதும் கையில் அதிர்கிறது என்பது அவர் புகார். அம்பு கிளம்பிப் போன பிறகுதான் அந்த அதிர்வு கைக்கு வருகிறது, அதனால் போன அம்புக்கு ஒன்றும் ஆகாது, அதற்குப் பயந்து அடுத்த அம்பில் கையை இறுக்கினால்தான் கேடு என்று சொல்லிப் பார்த்தேன். அதிர்வைத் தாங்கும் ரப்பரும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தடியும் ஓரளவுக்குப் போதும் என்றேன். அவர் பணம் கொடுத்து வாங்கிய பொருள் அவர் கையில் நடுங்குவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்.

முன்னால் ஒரு தடி, பக்கத்துக்கொரு தடி, ஒவ்வொன்றின் நுனியிலும் எடை, எடைக்குப் பின்னால் ரப்பர் என்று மாட்டச் சொன்னார். மாட்டினேன். வில் கல்லாகிவிட்டது. தூக்கிப் பிடித்தவரின் தோள்பட்டை மட்டும் விசைத்தறி மாதிரி ஆடியது. கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி சொன்னார்: "வில்லு இப்ப துளிகூட ஆடறதில்லீங்க. தூக்கிப் பிடிக்க மட்டும் ஒரு ஆள் போட்டுட்டாப் போதுமுங்க."

ஏற்றுமதித் தரம்

செயலாளருக்கு வேறு யோசனை. கிளப் வில்களின் கைப்பிடி மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கிறது, உறுப்பினர்களுக்குக் கை வலிக்கிறது என்று தன் கம்பெனியிலிருந்து குளிர்நாட்டுக்குப் போகும் கனத்த பஞ்சுத் துணியைக் கொண்டுவந்து உறுப்பினர்கள் எடுக்கும் வில்களின் கைப்பிடிக்கெல்லாம் சுற்றச் சொன்னார். மேலே அவர் கம்பெனி லேபிள் வெளியே தெரிய வேண்டும்.

கைப்பிடி கெட்டியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் மேட்டில் அதே இடத்தில் வில் வந்து உட்கார வேண்டும். மெத்தையில் கை ஒரு முறை இங்கே புதையும், ஒரு முறை அங்கே புதையும், வேர்த்தால் வழுக்கும். அந்த வாரம் அம்புகள் திசைக்கொன்றாகப் போயின. ஒன்று பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் நின்றது. துணியைப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். செயலாளர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துணியில கம்ப்ளெயின்ட் வராதுங்க, இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி. நீங்க அந்தக் குறி போர்டைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க."

பிடி

காதர்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் வில்லைப் பிடிப்பதைப் பார்த்தால் வில் பாவமாக இருக்கும். விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகும். அப்படி இறுக்கினால் நாணை விடும் நேரத்தில் மணிக்கட்டு திரும்பி அம்பு ஒருபக்கமாகப் போகும். உள்ளங்கையில் தாங்கினால் போதும், பிடிக்க வேண்டாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்: "பிடிச்சதை விடற ஆளா இருந்தா, இன்னிக்கு எனக்குக் கடை இருந்திருக்குமுங்களா?"

கீழே விழக் கூடாது

தொழிலாளர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து வில் பழகலாம் என்று கிளப் அறிவித்திருந்தது. கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட நல்ல புகைப்படம் வேண்டும், அவ்வளவுதான். புகைப்படம் எடுத்து முடிந்ததும் மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜெசிந்தா நிறுத்தவில்லை. அவளுக்குக் கொடுத்தது துணி சுற்றாமல் ஒதுக்கி வைத்த பழைய வில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. சுகன்யாவைவிடத் தான் நன்றாக எய்வதாகச் சுகன்யாவிடமே சொன்னவள்.

ஆனால் அவளுடைய அம்புகள் எல்லாம் கூட்டமாக இடதுபக்கம் போய் விழுந்தன. குறி சரி, கைதான் குற்றவாளி. நாணை விட்ட கணத்தில் வில்லை லபக்கென்று கவ்விப் பிடித்தாள். கையைத் திறந்தே வை, வில் முன்னால் குதிக்கட்டும், விழாமலிருக்கக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் குறுக்கே கயிறு கட்டித் தருகிறேன் என்று, பேன்ட் இடுப்பில் கோர்க்கும் நாடா ஒன்றை வெட்டிக் கட்டினேன். கயிறு இருந்தும் கவ்வினாள். ஏன் அம்மிணி, என்னை நம்ப மாட்டாயா என்று கேட்டேன். "ஒரு பீஸ் தரையில விழுந்தா கறை பட்டுருச்சின்னு சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசுவான் அண்ணாச்சி. அங்க ஒரு பனியனையே விட மாட்டோம், இம்புட்டுப் பெரிய வில்ல எப்படி விடச் சொல்லுதீய?"

சனிக்கிழமை

இருவரில் யார் போவது என்பதற்கான தேர்வைச் சனிக்கிழமை சாயங்காலம் என்று போட்டார் செயலாளர். அன்று கம்பெனியில் அவசர ஆர்டர். காலையிலிருந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து எழுபவளின் உள்ளங்கையில் மெஷின் அதிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றக் கேட்டு நியாயத்தை எல்லாம் அடுக்கினேன். மைதானம் ஞாயிறன்று கல்யாண வரவேற்புக்கு விடப்பட்டிருக்கிறது என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

ஜெசிந்தா நேரே மெஷினிலிருந்து வந்தாள். தலையில் பஞ்சுத் துகள். வில் பிடிக்கும் கையின் விரல்கள் மரத்துப்போய் மடங்க மறுத்தன. தண்ணீர் பாட்டில் மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன். போச்சு என்று நினைத்தேன். முதல் அம்பை விட்டாள். வில் கையிலிருந்து முன்னால் குதித்து, கயிற்றில் தொங்கி, தலைகுப்புற ஆடியது. அம்பு நடுவில். அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்ததும் பக்கத்திலேயே. எப்படி என்று அடக்க முடியாமல் கேட்டேன். அடுத்த அம்பை எடுத்தபடி சொன்னாள்: "பிடிக்கத் தெம்பில்ல அண்ணாச்சி. அதான் பிடிக்கல."

அம்பைத் தொடுமுன்

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போர்டில் குத்தி நிற்கும் அம்புகளை யாரும் தொடுவதற்கு முன், அங்கேயே நின்று ஒவ்வொன்றின் புள்ளியையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பிடுங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. செயலாளர் ஜெசிந்தாவின் போர்டை ஒருமுறை பார்த்தார். அவர் முகம் மாறியது. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, அம்புகளை எடுத்து வையுங்கள், யார் என்பதை ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்து திங்கட்கிழமை சொல்லலாம் என்றார். சாயப்பட்டறைக்காரர் வானத்தைப் பார்த்தார். காதர்பேட்டைக்காரர் கைப்பேசியைப் பார்த்தார். காவல்காரர் என்னைப் பார்த்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். முதல் வாக்கியம் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம், உழைக்கும் மக்களில் ஆரம்பிக்கும். அதற்குள் சுகன்யா போர்டுக்கும் மாமனாருக்கும் நடுவில் போய் நின்றார். அவருடைய அம்புகள் பக்கத்துப் போர்டில், லேபிள் ஒட்டிய மெத்தைக் கைப்பிடியின் புண்ணியத்தில், ஊர்வலம் கலைந்த மாதிரி நின்றிருந்தன. "இன்னும் யாரும் அம்பைத் தொடலீங்க மாமா. நான் இங்கயே வாசிச்சர்றேனுங்க" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதலில் தன் புள்ளிகளைச் சொன்னார், பிறகு ஜெசிந்தாவுடையதைச் சொன்னார், வானத்தைப் பார்த்தவரும் கைப்பேசியைப் பார்த்தவரும் திரும்பும்வரை காத்திருந்து, உரக்க வாசித்தார்: "மாநிலப் போட்டிக்கு நம்ம கிளப்பு சார்பா, ஜெசிந்தா அந்தோணி."

நியாயம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்றால் இத்தனை காலம் நீ எதற்குத் தொண்டை கட்டக் கத்தினாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே பயம்.