ஆய்வுக்கூடத்தில் என் மகளுக்கு அம்மன் திறந்த வழி

செவ்வாய்க்கிழமைதோறும் மாரியம்மன் சந்நிதியில் என்னோடு உட்கார்ந்து பாடுகிற அக்கா தங்கைகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

நான் செல்வி. வீடு பாகலூரில், வேலை ஓசூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில். எங்கள் முதல் பிள்ளை பதினோரு மாதத்தில் மூச்சுத் திணறி இறந்தான். நிமோனியா என்றார்கள். அவனுக்கு முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். அடுத்துப் பிறந்த பவித்ராவுக்கும் அதே உப்பு.

அவளுக்கு ஏழு வயதில்தான் பெங்களூரில் நோயின் பெயர் தெரிந்தது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வேர்வையில் உப்பு மிகும், நுரையீரலில் சளி பசைபோல இறுகிவிடும். போன ஆடியில் அவளால் படுக்கவே முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே கிடந்தாள். ஒன்பது வயதுப் பெண், பதினாறு கிலோ.

இந்த நோய்க்கு மாத்திரைகள் உண்டு. ஆனால் இவள் மரபணுவில் உள்ள கோளாறு மிக அபூர்வமானது, எது கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு வழி மட்டும் இருந்தது. குடலிலும் அதே கோளாறு இருக்குமாம்; அங்கிருந்து கடுகளவு சதை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் குட்டிக் குட்டி உருண்டைகளாக வளர்ப்பார்களாம். ஆர்கனாய்டு என்று பேர். மருந்தை முதலில் அவற்றுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். உருண்டை தண்ணீர் இழுத்து உப்பினால், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளைய இன்னும் எத்தினி தடவ குத்துவாங்க? விட்டுடு செல்வி. இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." சொல்லிவிட்டு அவரே அழுதார்.

பவித்ராதான், "நான் வரேம்மா, போலாம்" என்றாள்.

சதை எடுத்தார்கள். உருண்டைகள் வளர்ந்தன. முதல் மருந்துக்கு உப்பவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. அதே வாரம் அவளை ஐசியூவில் சேர்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன். என் மகன் கடைசியாக மூச்சு வாங்கியதும் அப்படித்தான்.

மறுநாள் காலை அவரை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, ஈரப்புடவையோடு அம்மன் முன்னால் விழுந்தேன். பாட்டு வரவில்லை. சண்டைதான் வந்தது. "ஒருத்தன எடுத்துக்கினயே, போதாதா? இவளும் வேணுமா உனக்கு? வழி இருந்தா காட்டு. இல்லன்னா நான் இனிமே இங்க வரமாட்டேன்." பூசாரி என்னைத் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து போன். அங்கே வேலை செய்யும் கன்னடப் பெண், தெரிந்த தமிழில் கத்தினாள்: "அக்கா, மூணு மருந்து சேர்த்துக் கொடுத்தோம். உப்பிடுச்சு அக்கா! எல்லாமே உப்பிடுச்சு!"

ஆஸ்பத்திரியே மருந்துக் கம்பெனிக்கு எழுதிப்போட்டு அந்த மருந்தை வரவழைத்தது. ஆரம்பித்த இரண்டாம் நாள் பவித்ரா இருமி இருமிச் சளியை வெளியே தள்ளினாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பத்தாம் நாள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

நோய் போய்விடவில்லை. ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். ஆனால் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மீந்த உருண்டைகளை வேறு பிள்ளைகளுக்கான சோதனைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

உங்களில் யாருக்காவது வழியே தெரியவில்லை என்றால், அம்மனிடம் போய் அழுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். கேட்டுவிட்டு, டாக்டர் சொன்ன அடுத்த பரிசோதனைக்கு பஸ் ஏறுங்கள். எனக்கு அவள் அங்கேதான் பதில் வைத்திருந்தாள்.