அமீனா பீ போட்ட மார்க்கு

ராயப்பேட்டை அமீனா பீக்கு ஒருவர் மேல் வன்மம் வந்தால் லேசில் ஆறாது. ஆற வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும் இல்லை. அந்த வன்மத்துக்கு ஆளானவர் மயிலாப்பூர் ஸ்ரீரங்கன். அவர் செய்ததைக் கேட்டால் நீங்களும் அவளைக் குறை சொல்ல மாட்டீர்கள். அவள் செய்ததையும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அமீனா பீ பிறந்தது யோக்கோஹாமாவில். தகப்பனார் அங்கே துணி வியாபாரி. ஊரார் சிரித்தாலும் பரவாயில்லை என்று பெண்ணை ஜப்பான்காரப் பள்ளிக்கூடத்திலேயே ஆறு வருஷம் படிக்க வைத்தார். 1923 பூகம்பத்தில் அவரும் போனார், கடையும் வீடும் போயின. பதினேழு வயதில் அம்மாவோடு ராயப்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லை. படித்த பாடங்கள் மட்டும் தலைக்குள் அப்படியே இருந்தன. தையல் வேலை செய்து இருவரும் பிழைத்தார்கள்.

சில வருஷங்களில் ஜப்பான் துணி கடைத்தெருவெங்கும் வந்து குவிந்தது. பாஷை தெரிந்த குமாஸ்தாவுக்குக் கிராக்கி வந்தது. அமீனா பீயிடம் நாலு குமாஸ்தாக்கள் சம்பளம் கொடுத்துப் படிக்க வந்தார்கள். மாட வீதியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஸ்ரீரங்கன் மோப்பம் பிடித்து அமீனா பீ வீட்டுக்கு வந்தார். அவள் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். ஒன்றரை வருஷம் அவள் பாடத்தைச் சொல்லி அர்த்தமும் சொல்ல, அவர் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். ஜப்பான் எழுத்தைக் கற்றுத்தருகிறேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் தட்டிக்கழித்தார்.

"எழுத்தெல்லாம் என்னத்துக்கும்மா? எங்காத்துல எல்லாருமே காதால கேட்டுண்டுதான் பாடம் பண்ணியிருக்கோம். ரெண்டு தரம் சொல்லுங்கோ, போறும்."

போதும்தான். அப்படியொரு ஞாபகசக்தி அந்த மனுஷருக்கு. அதை யாரும் மறுக்க முடியாது.

பாடங்கள் முடிந்த மறுவாரம் அவர் வருவது நின்றது. மாட வீதியில் 'ஜப்பான் பாஷை போதிக்கப்படும்' என்று பலகை தொங்கியது. அமீனா பீயிடம் படித்த அந்த நாலு குமாஸ்தாக்களும் அங்கே ஓடினார்கள். அவளுடைய பெரியப்பா மகன் அப்துல் வஹீத் நியாயம் கேட்கப் போனார். மாணவர்கள் எதிரிலேயே ஸ்ரீரங்கன் சிரித்தார்.

"அந்தம்மா பேசறது துறைமுகத்துப் பேச்சு, ஓய். மூட்டை தூக்கறவாளோட பேசலாம். முறையா சொல்லிக்குடுக்க வருமோ?"

அப்துல் வஹீத் இதை ஒரு வார்த்தை குறைக்காமல் வந்து சொன்னார். அமீனா பீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அப்டியா சொன்னான்? சரி, போவட்டும்" என்றாள்.

போகவிடவில்லை. பிழைப்பைப் பறித்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். தகப்பனார் அத்தனை ஆசையாகப் படிக்க வைத்த படிப்பை அந்த ஆள் கேவலப்படுத்தியது அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. நாலு வருஷம் அதை அணையாமல் பார்த்துக்கொண்டாள்.

1936-இல் வேளை வந்தது. ஒரு ஜப்பான் துணிக் கம்பெனியின் மானேஜர் அடையாறில் குடியிருந்தார். அவர் மனைவிக்குத் துணி தைக்கப் போன அமீனா பீ, அந்த அம்மாளுக்கு நெருங்கிய சிநேகிதியாகிவிட்டாள். கம்பெனி தன் குமாஸ்தாக்களுக்குப் பாடம் சொல்லவும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பரீட்சை வைக்கவும் ஒரு ஆசிரியரைத் தேடியது. "நீயே வாயேன்" என்றாள் மானேஜரின் மனைவி. அமீனா பீ நடந்ததையெல்லாம் சொல்லி, முதலில் ஸ்ரீரங்கனை அவர் மாணவர்கள் எதிரில் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். சோதிக்கிற புத்தகத்தையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளையின் மூன்றாம் வகுப்புப் புத்தகம் அது. ஸ்ரீரங்கனுக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே பாடங்கள்தான். பக்கங்களில் ஒரு படம்கூடக் கிடையாது.

கம்பெனி அழைத்ததும் ஸ்ரீரங்கன் ஜரிகை அங்கவஸ்திரத்தோடும் பன்னிரண்டு மாணவர்களோடும் அடையாறுக்கு வந்தார். உப்பளத்தைப் பற்றிய முதல் பாடத்தைப் படிக்கச் சொன்னார் மானேஜர். ஸ்ரீரங்கன் முகம் மலர்ந்தது. புத்தகத்தை விரித்தார், ஆரம்பித்தார். ஒரு பிசகு இல்லை, ஒரு தடங்கல் இல்லை. விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, கணீரென்று சொல்லி முடித்தார்.

ஆனால் ஜப்பான் புத்தகம் உருதுப் புத்தகம் மாதிரி, நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அங்கிருந்து தொடங்குவது. ஸ்ரீரங்கன் தமிழ்ப் புத்தகத்தைப் போலத் திறந்துவிட்டார். வாய் முதல் பாடத்தைச் சொல்ல, கை கடைசிப் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

மானேஜர் பார்த்தார். மரியாதைக்காரர், விருந்தாளியை அவமானப்படுத்த மனசு வராமல் "வெரி குட்" என்று மட்டும் சொன்னார். மாணவர்கள் கை தட்டினார்கள். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்த அமீனா பீக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புர்காவோடு நேரே கூடத்துக்கு வந்தாள்.

"சார், கொஞ்சம் இருங்க. இப்போ தொறந்து வெச்சிக்கினு கீறீங்களே, அந்தப் பக்கத்தப் படிங்க. ஒரே ஒரு வரி."

ஸ்ரீரங்கன் புத்தகத்தை மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, பசங்க பாத்துண்டிருக்கா. என் மானத்த வாங்கிடாதேங்கோ."

அவள் மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க சாரு மொத பாடத்த சொல்லிக்கினே கடேசி பாடத்தப் பொரட்டினாரு. இந்த புஸ்தகத்துக்கு ஆரம்பம் அந்தப் பக்கம் கீது. அவுருக்கு இதுல ஒரு எழுத்து தெரியாது. வாயில வந்ததெல்லாம் நான் சொல்லிக்குடுத்தது."

மாட வீதிப் பலகை அந்த வாரமே இறங்கியது. வேலை அமீனா பீக்குக் கிடைத்தது. தராசு நேராகிவிட்டது என்று யாரும் சொல்வார்கள். அவளுக்கு அது போதவில்லை.

கம்பெனிப் பரீட்சையை வெளியாட்களும் எழுதலாம். தேறியவர் கம்பெனி சர்ட்டிபிகேட்டோடு தனியாக வகுப்பு நடத்தலாம். ஸ்ரீரங்கன் கல்கத்தாவிலிருந்து புத்தகம் தருவித்து, நாற்பத்தைந்து வயதில் தானாக எழுத்துக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் தடவை பாதி பிழை. அமீனா பீ சந்தோஷமாகப் பிழைகளை அடித்தாள். இரண்டாம் தடவை பிழை குறைந்தது. மூன்றாம் தடவை தேறுவதற்கு ஒரு மார்க்கு குறைந்தது.

நான்காம் தடவை அவள் அந்தத் தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை துருவினாள். ஒரு பிழை இல்லை. எழுத்து அவள் எழுத்தைவிட அழகாக இருந்தது. தேற நாற்பது வேண்டும். முப்பத்தொன்பது என்று போட்டாள்.

"எங்க தப்புன்னு காட்டுங்கோ" என்றார் ஸ்ரீரங்கன்.

"தப்பு இல்ல சார்."

"பின்னே?"

"நான் பாஸ் போடல."

அவர் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

"அநியாயம், அமீனா" என்றார் அப்துல் வஹீத்.

அநியாயம்தான். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆறு மாசம் கழித்து அடுத்த பரீட்சை வந்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று, கேள்வித்தாளைக் கொடுக்க நேரமாயிற்று. ஸ்ரீரங்கன் வரவில்லை. அமீனா பீ தாளைக் கொடுக்காமல் மேலும் கால்மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.